கீழ்வீட்டுத் தட்டல்

ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருந்த டிரைவர் மூச்சு வாங்க நின்றதுதான் தாமதம், தரைக்கு அடியிலிருந்து ‘டொக், டொக்’ என்று கேட்டது. கீழ்வீட்டில் தனியாக இருக்கும் வீட்டுக்கார அம்மாதான் துடைப்பக் கட்டையால் சீலிங்கை இடிக்கிறார்.

டிரைவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். “கேட்டுச்சா? அந்தம்மாவுக்குக் கோவம் வந்துடுச்சு. போதும், இன்னையோட விட்டுடலாம்.”

“சாக்குக் கெடைச்சாச்சாக்கும். அந்தக் காலைத் தூக்குங்க!” மனைவி கரண்டியை ஓங்கினாள்.

பாவம் அந்த மனுஷன். உட்கார்ந்து உட்கார்ந்து பஸ் ஓட்டியே வளர்த்த தொப்பை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அதுவும் கூடவே திரும்பும். ‘இதைக் கரைக்காம வண்டியில ஏறாதீங்க’ என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, விடிந்தால் இதே பாடு. இடது காலில் ஐம்பது குதி, பிறகு கால் மாற்றி வலது காலில் ஐம்பது.

எண்ணுவது மனைவி. அவள் எண்ண ஆரம்பித்தால் தெருமுனையில் படுத்திருக்கும் நாய்கூட எழுந்து உட்கார்ந்துவிடும்.

“இருபத்தொம்போது… முப்பது… என்ன, தரையைத் தடவிக் குடுக்கிறீங்க? குதிங்க! முப்பத்தொண்ணு…”

குதிக்கத் தொடங்கியதும் கீழே சத்தம் ஓய்ந்தது. டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் நின்றார். மறுபடியும் ‘டொக், டொக்.’

“அடியே, குடி வந்தப்ப அந்தம்மா என்ன சொன்னாங்க? நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டாலே மூட்டையைக் கட்டிடணும்னு சொல்லல? இந்த வீடும் போச்சுன்னா, அப்புறம் உங்கம்மா வீட்டு நடுக்கூடத்துலதான் நான் குதிக்கணும்.”

அது வேலை செய்தது. மனைவி ஒரு கணம் யோசித்தாள். டிரைவர் துண்டை எடுத்து நிம்மதியாக முகத்தைத் துடைத்தார்.

துடைத்து முடிப்பதற்குள் அவள் உள்ளேயிருந்து மெத்தையைத் தரதரவென்று இழுத்து வந்து போட்டாள். “இது மேல குதிங்க. நானும் மனசுக்குள்ளயே எண்ணிக்கிறேன்.”

இப்போது பூனை நடப்பதுபோல அவ்வளவு அமைதி. ஆனால் கீழே தட்டல் நிற்கவில்லை. டொக் டொக் டொக் டொக்! சீலிங்கே பெயர்ந்துவிடும் போலிருந்தது.

சட்டென்று அதுவும் நின்றது. படியில் யாரோ நொண்டி நொண்டி ஏறிவரும் சத்தம். பிறகு காலிங் பெல்.

குதிக்கச் சொன்னால் ஆமையாக இருந்தவர், முயலாகப் பாய்ந்து கதவைத் திறந்தார்.

வீட்டுக்கார அம்மா நின்றிருந்தார். முகம் செக்கச்செவேல், நெற்றியெல்லாம் வியர்வை, தோளில் துண்டு, கையில் துடைப்பக் கட்டை. மூச்சிரைப்பில் பேச்சே வரவில்லை. மனைவி கரண்டியை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.

“தப்புதாங்கம்மா, பெரிய தப்பு!” டிரைவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “இனிமே ஜென்மத்துக்கும் குதிக்க மாட்டேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் மீறுவேனா?”

வீட்டுக்கார அம்மா அவரைக் கட்டையாலேயே ஓரமாக ஒதுக்கிவிட்டு, மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“ஏம்மா, முப்பத்தொண்ணோட எண்ணுறதை நிறுத்திட்டியே… நான் எப்பதான் காலை மாத்துறது?”