மேலே ஏறும் சூப்

நாளை கல்லூரி நுழைவுத் தேர்வு. எங்கள் இணையக் கடையில் ‘தேர்வு’ என்று தேடினால், பட்டியலில் ராசியான அரிசிக் கேக்குக்கு மேலே வழவழப்பான கடற்பாசி சூப் வந்து நிற்கிறது. குடித்த பிள்ளை தேர்வில் வழுக்கிவிடும் என்று சியோலில் எந்தத் தாயும் இன்று அடுப்பில் ஏற்றாத சூப். நீக்கினாலும் திரும்பி வருகிறது. மாலை வெயில் திரையில் கூச, பக்கத்து மேசை ஹேவோன் மறுபடியும் அடித்து, அதைச் சொடுக்கிப் பார்க்கிறாள்.

“தொடாதேன்னு சொன்னேன்ல!” எங்கள் குழுத்தலைவி பியோன் கத்துகிறார். “நீ சொடுக்கச் சொடுக்கத்தான் அது மேல ஏறுது.”

“நான் ஒருத்தியா மேடம்? ஊரே நிஜமான்னு சொடுக்கிப் பாக்குது.”

விசைப்பலகைகள் ஓய்கின்றன. எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு திரையையே பார்க்கிறோம். சூப் அசையவில்லை. பியோனின் கைபேசி மேசையில் அதிர்கிறது. நாளை தேர்வெழுதும் மகன்.

“அம்மா, இது உங்க கடைதானே? நானும் சொடுக்கிப் பாத்தேன்.”