கல்லில் வெட்டும் வசனம்

கல்லறைக் கல் வெட்டும் பட்டறையின் தகரக் கூரைக்கடியில் சாயங்கால வெயில் சரிந்து கிடக்கிறது. உளி கிளப்பும் கருங்கல் தூள் ஜெப்ஸியின் வெள்ளைச் சேலையில் படிகிறது. துறைமுகத்து இழுவைப் படகிலிருந்து விழுந்த அவள் கணவன் ஜெபசீலனைக் கடல் திருப்பித் தரவேயில்லை. நாளை வெறும் பெட்டியைத்தான் புதைக்கப்போகிறார்கள். அவன் அண்ணன், உபதேசியார் டிக்சன், கல்லுக்குப் புதிய ஏற்பாட்டு வசனம் ஒன்றைத் தேர்ந்து வந்திருக்கிறார். “பழைய ஏற்பாட்டுல எலும்போட எலும்பு சேரும், சதை வளரும், தோல் மூடும்னு எசேக்கியேல் சொல்லுதாருல்லா அத்தான். அத வெட்டச் சொல்லுங்க. அப்படி எந்திரிச்சு வந்தா அது அவுகளேதான்” என்கிறாள் ஜெப்ஸி. “புதுசுலயும் எந்திரிப்பான் ஏளா, மகிமையான உடம்போட.” “எந்திரிச்ச பெறவு அங்க புருசன் பொஞ்சாதி கிடையாதுன்னும் அதுலதானே போட்டிருக்கு.” கல் வெட்டுகிறவர் உளியை நிறுத்திவிட்டுத் தன் கைகளையே பார்க்கிறார். துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் நீளமாக ஊதி ஓய்கிறது. டிக்சனின் குரல் தாழ்கிறது. “எசேக்கியேல் சொன்னதுக்கு எலும்பு வேணும்லா, ஜெப்ஸி.” சொன்ன பிறகு அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவள் வழவழப்பான கல்லை உள்ளங்கையால் ஒரு முறை தடவுகிறாள். வெயிலில் கிடந்தும் அது குளிர்ந்திருப்பதாகத் தோன்றுகிறது. “சரி அத்தான், உங்க வசனத்தையே வெட்டட்டும். கீழ மனைவி ஜெப்ஸின்னு மட்டும் போட வேண்டாம்.”