கொடுபடாத வட்டி: பூஜ்யம்

கிளெனிஸ் மல்காஹிக்கு அநியாயம் நடந்தது. வாரம் மூன்று நாள் அவளை டயாலிசிஸுக்கு ஏற்றிப்போன ஊர்க் கிளப்பின் வேனை நிறுத்திவிட்டார்கள். இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறாள். திரும்பி வரும்போது நிற்கக்கூடத் தெம்பிருப்பதில்லை.

வேன் ஓட்டுநரின் சம்பளம் கிளப் சேமநிதியின் வட்டியிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒன்பது மாதமாக அந்த வட்டி ஒரு டாலர்கூட வரவில்லை.

ஊர் முழுக்க ஏசியது கிளப் பொருளாளர் கெவ் ராட்லியை.

"பேங்க்ல போட்டா ஆகாதாம் அவனுக்கு. ரெண்டு சதவீதம் கூடக் கிடைக்குதுன்னு, யாரோ வாங்கின வீட்டுக்கடனை எல்லாம் மூட்டை கட்டி, அது மேல எழுதின பத்திரத்தை வாங்கினான் பாரு!"

கெவ் வாயே திறக்கவில்லை. பியர் குடிக்கக் கிளப்புக்கு வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார்.

கிளெனிஸின் மகள் டாம்சின் சும்மா விடுவாளா? சட்டம் படிக்கிறவள். கெவ்வையும் இழுத்துக்கொண்டு சிட்னிக்கு ரயிலேறினாள். வழி நெடுக அவருக்கு அர்ச்சனை.

அவர்கள் போனது, பத்திரம் வாங்கியவர்கள் சார்பில் கணக்கைக் கண்காணிக்கும் நிறுவனத்துக்கு. அதிகாரி லொரெட்டா சிபெராஸின் மேஜைமேல் காலாண்டு அறிக்கையைப் போட்டாள் டாம்சின்.

"இதைப் படிங்க. 'கொடுபடாத வட்டி: பூஜ்யம்.' மூணு தவணை எங்களுக்கு நாமம் போட்டுட்டு, பூஜ்யமா? இதுக்குப் பேரு பொய் இல்லையா?"

"பொய் இல்லைங்க. நீங்க வாங்கியிருக்கறது ஈ வகுப்புப் பத்திரம்."

பெயருக்கேற்ப அது ஒன்பது மாதமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"ஏ வகுப்புக்கு முதல்ல வட்டி. அப்புறம் பி, சி, டி. மிஞ்சினாதான் ஈ. மிஞ்சலைன்னா உங்க வட்டி அடுத்த தேதிக்குத் தள்ளிப்போயிடும். கொடுக்கவேண்டிய நாளே வராததைக் 'கொடுபடாதது'ன்னு எப்படி எழுதறது? பக்கத்துல பாருங்க, 'தள்ளிவைத்த வட்டி'ன்னு தனியா இருக்கு."

"அடேங்கப்பா! நானும் ஹாஸ்டல்ல வாடகை பாக்கி இல்லை, தள்ளிவெச்சிருக்கேன்னு சொல்லிப் பாக்கறேன்."

"தள்ளிவெச்ச தொகைக்கும் வட்டி சேருது. உங்க பணம் எங்கயும் போயிடாது."

"எங்கம்மா ரத்தத்துலயும் விஷம் சேருது. அதை எந்தத் தேதிக்குத் தள்ளிவைக்கட்டும்?"

லொரெட்டா அறிக்கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"சரி, ஏ வகுப்புக்கு ஒரே ஒரு தவணை நின்னா?"

"அவங்களுக்குத் தள்ளிவைக்க முடியாது. நின்னா ஒப்பந்தமே முறிஞ்சுடும்."

"ஆக, மேல இருக்கறவனுக்குக் கொடுக்கலைன்னா குத்தம். கீழ இருக்கறவனுக்குக் கொடுக்கலைன்னா விதிமுறை!"

"விடு கண்ணு," என்றார் கெவ். "கடைசியில நிக்கறேன்னு கையெழுத்துப் போட்டது நான். அதுக்குத்தான் வட்டி கூட."

"நீங்க பேசாதீங்க கெவ். உங்க பேராசையிலதான் இவ்வளவும்." மறுபடி லொரெட்டாவிடம் திரும்பினாள். "பணம் ஏன் மிஞ்சலை? அதைச் சொல்லுங்க."

"வெள்ளத்துல மூழ்கின வீடுங்க மேல வாங்கின கடனும் இதுல இருக்கு. நாப்பத்தோரு குடும்பம். ஒரு வருஷத்துக்குத் தவணை கட்ட வேண்டாம்னு சலுகை கொடுத்திருக்காங்க."

"பாவம்தான், ஒத்துக்கறேன். ஆனா அதைக் கேட்டது யாரு? கொடுத்தது யாரு? அந்தச் சலுகைக்கு யாரு வயித்துல அடிக்கறோம்னு ஒரு நிமிஷம் யோசிச்சாங்களா? அந்தப் புண்ணியவான் பேரைச் சொல்லுங்க. கேஸ் போடறேன்."

லொரெட்டா கெவ்வைப் பார்த்தாள். கெவ் மெல்லத் தலையாட்டினார், வேண்டாம் என்று.

"அவரை என்ன பாக்கறீங்க? எங்கிட்ட காட்டுங்க!"

லொரெட்டா கோப்பைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். கடன் வாங்கியவரின் பெயரைக் கையால் மறைத்தபடி டாம்சின் பக்கம் திருப்பி வைத்தாள்.

பல்கலைக்கழக மாணவர்கள் நடத்தும் இலவசச் சட்ட உதவி மையத்தின் கடிதம். கடைசி வரி: 'தவணையைத் தள்ளிவைப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.'

அதன் கீழே, டாம்சின் மல்காஹி என்று அவள் கையெழுத்து.

"நாப்பத்தோரு கடிதமும் இதே மாதிரிதான்," என்றாள் லொரெட்டா. "நல்லா வாதாடியிருந்தீங்க. மறுக்க முடியலை."

"இல்லையே... நான் எழுதின கம்பெனி பேரே வேறயாச்சே."

"கடன் கொடுத்தது அவங்க. அதை வித்துட்டாங்க. வித்ததுதான் இந்த மூட்டைக்குள்ள இருக்கு."

டாம்சின் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டுப் பேசினாள். வாழ்க்கையில் முதல்முறையாக என்று அம்மா சொல்லியிருப்பாள்.

கெவ்வின் பக்கம் திரும்பி, "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா கெவ்?" என்றாள்.

"முதல் தவணை நின்னப்பவே வந்து கேட்டாரு," என்றாள் லொரெட்டா. "இந்தக் கடிதத்தைப் பாத்துட்டு, கிளப்புக்கு எதுவும் எழுதிப்போடாதீங்க, நானே பேசிக்கறேன்னு சொன்னாரு."

"ஊரே உங்களைத் திட்டிச்சு. எங்கம்மா திட்டினாங்க. இன்னிக்கு ரயில்ல நான் பேசாத பேச்சில்லை. டாம்சின் எழுதின கடிதத்தாலதான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? ஏன் சொல்லலை?"

கெவ் தொப்பியை மடியில் வைத்துச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"சொல்லியிருந்தா," என்றார், "நாப்பத்திரண்டாவது வீட்டுக்கு நீ எழுத மாட்டியே, கண்ணு."