கிமேரா என்றால் ஆடு

கிரேக்க மலையொன்றில் மூன்று தலை மிருகம் ஒன்று இருந்தது. முன்னால் சிங்கத்தலை, முதுகில் ஆட்டுத்தலை, வால் நுனியில் பாம்புத்தலை. ஊரார் அதைக் கிமேரா என்றார்கள். அவர்கள் பாஷையில் அதற்குப் பெட்டை ஆடு என்று அர்த்தம்.

சிங்கத்தலைக்கு இது பொறுக்கவில்லை. "பல் என்னுடையது, கர்ஜனை என்னுடையது. பேர் மட்டும் உனக்கா?" என்று ஆட்டிடம் எரிந்து விழுந்தது.

"நானா கேட்டேன்?" என்றது ஆடு. "நம்மை முதலில் பார்த்த இடையனுக்குப் புதருக்கு மேலே என் தலைதான் தெரிந்தது. 'கிமேரா, கிமேரா' என்று கூப்பிட்டபடி கிட்டே வந்தான். உன்னையும் பாம்பையும் பார்த்ததும் அதையே கத்திக்கொண்டு ஓடினான். ஊரே அப்படிப் பயந்து பழகிவிட்டது."

மறுநாள் சிங்கத்தலை ஊர் எல்லைப் பாறைக்குப் பின்னாலிருந்து, "இனி என் பேர் சிங்கம்!" என்று முழங்கியது.

"அட, சிங்கம்தானா!" என்றார்கள் ஊரார். சிங்கம் பிடிக்க அவர்களுக்குத் தெரியும். நாற்பது பேர் வலையும் ஈட்டியுமாகப் பாறைக்கு முன்னால் வந்து கூடினார்கள். முதல் ஈட்டி பாறையைத் தாண்டி வந்து சிங்கத்தின் காதை உரசிப் போனது.

"சொல்லேன், சீக்கிரம் சொல்லேன்!" என்று சிங்கம் முணுமுணுத்தது.

"எதை?" என்றது ஆடு.

"நம்ம பேரை."

ஆடு உரக்கச் சொன்னது. ஈட்டிகளைப் போட்டுவிட்டு நாற்பது பேரும் ஓடினார்கள்.