சுப்ரியா ஓட்டி வந்த வேன்

வேனை நிறுத்திவிட்டு இறங்கியவளைப் பார்த்ததும் வீரராகவன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

சுப்ரியா. கௌஷிக்கின் மனைவி.

"ஹீட்டர் தகராறு பண்ணுது அண்ணா. போட்டா கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிடுது. இந்த வாரமே ஔலிக்குக் கிளம்பணும். பார்த்துக் குடுங்க" என்றாள்.

"ஔலிக்கா?"

"ஆமா, பனிச்சறுக்குக்கு."

நியூ டவுனைத் தாண்டி, ராஜர்ஹாட் போகிற வழியில் இருந்தது அவருடைய கொட்டகை. வேன்களுக்குள் படுக்கை, அடுப்பு, விளக்கு எல்லாம் வைத்து, நடமாடும் வீடாக்கிக் கொடுப்பது தொழில். குளிர் தேசம் போகிறவர்களுக்கு டீசல் ஹீட்டரும் பொருத்திக்கொண்டிருந்தார், போன குளிர்காலம் வரை.

அப்போதுதான் அது நடந்தது. அவர் ஹீட்டர் பொருத்திய வேனில் ஔலிக்குப் போன கௌஷிக், படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கொட்டிய பனி, வேனுக்கு அடியில் இருந்த புகைக்குழாயின் வாயை மூடிவிட்டது. வெளியே போக வேண்டிய நச்சுப்புகை உள்ளே ஏறிவிட்டது.

பொருத்தியதில் குறையில்லை என்றுதான் விசாரித்தவர்கள் சொன்னார்கள். பிழைக்க வந்த ஊரில் தெரிந்த தமிழ்க் குடும்பங்களில் பேச்சு வேறு மாதிரி இருந்தது. "ஹீட்டர்காரன் ஒரு உயிரைக் கொன்னுட்டான்."

அதன் பிறகு வீரராகவன் ஹீட்டரைத் தொடவே இல்லை.

"நான் இப்ப ஹீட்டர் வேலை பார்க்கறதில்லம்மா."

"தெரியும் அண்ணா."

"அப்புறம் ஏம்மா வந்தே? வேற யார்கிட்டயாவது..."

"வேற ஒருத்தர் பொருத்தினதுதான் இது. நீங்க ஒரு தடவை பாருங்க." அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

வீரராகவனின் மனைவி அக்‌ஷயா அவரை உள்ளே கூப்பிட்டாள்.

"வருஷம்கூட ஆகல. இன்னொரு வேன் வாங்கிட்டா பாருங்க. அதே ஊரு, அதே பனிச்சறுக்கு! அப்பன் இல்லாத அந்தப் பச்சப்புள்ளையையும் இழுத்துட்டுப் போவா போல. இப்படியும் ஒரு மனசா?"

"மெதுவாப் பேசு."

"ஊரே உங்களைப் பேசினப்போ, உங்களுக்காக ஒரு வார்த்தை சொன்னாளா இவ? இப்ப வேலை ஆகணும்னதும் அண்ணாவாம். முடியாதுன்னு அனுப்பிடுங்க."

அனுப்பிவிடுகிற எண்ணத்தில்தான் அவரும் வெளியே வந்தார். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"உள்ள புகை வாடை ஏதாவது வருதா?"

"வாடை தெரியல. வர்ற வழியில போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தலைவலி வந்துச்சு."

அவர் முகம் மாறியது. நேராகப் போய் வேனின் கதவுகளை அகலத் திறந்தார். படுக்கைப் பலகையைத் தூக்கினார்.

கீழே ஹீட்டர் இருந்தது. புகைக்குழாயை வண்டிக்குள்ளேயே ஒட்டுப் போட்டிருந்தார்கள். இறுக்கிப் பிடிக்க ஒரு கிளாம்ப்கூட இல்லை. ஒட்டைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. போதாததற்கு, காற்றை இழுக்கும் குழாயும் புகை போகும் குழாயும் அடியில் பக்கத்துப் பக்கத்திலேயே. தன் புகையைத் தானே இழுத்து, மூச்சுத் திணறித்தான் அது அணைந்துகொண்டிருந்தது.

நச்சுப்புகையைக் காட்டும் மீட்டரை உள்ளே வைத்து ஹீட்டரைப் போட்டார். சற்று நேரத்தில் மீட்டர் வீறிட்டது.

வீரராகவன் பாய்ந்து ஹீட்டரை நிறுத்தினார். அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கத்தலாக வெளியே வந்தது.

"இதுல படுத்தா ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டாங்க! ஒரு தடவை பட்டது போதாதா உனக்கு? சின்னக் குழந்தையை வச்சுக்கிட்டு இப்படியா அலைவே?"

சுப்ரியா தலையைக் குனிந்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"சரி பண்ணிடுங்க அண்ணா" என்றாள் கடைசியில்.

பழைய குழாயைப் பிடுங்கி எறிந்தார். வண்டிக்குள் ஒட்டே இல்லாமல் புதுக்குழாய் போட்டார். பனி மூடாதபடி அதை வண்டியின் பக்கவாட்டில் உயரத்துக்கு ஏற்றிவிட்டார். காற்றுக்குழாயை எதிர்ப்பக்கம் மாற்றினார். தலைமாட்டில் ஒரு அலாரம் பொருத்தினார். வேலை ஓட ஓட, கோபம் எப்போது அடங்கியது என்று அவருக்கே தெரியவில்லை.

பிறகு ஹீட்டரைப் போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மீட்டரை மடியில் வைத்தபடி தானே உள்ளே உட்கார்ந்தார்.

வியர்வை சொட்டச் சொட்ட இறங்கியபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மீட்டரில் பூஜ்யம்.

"இனிமே பயமில்ல. ஆனா படுக்கறதுக்கு முன்னாடி வண்டியைச் சுத்தி இருக்கற பனியைத் தள்ளிடணும். எவ்வளவு அசதியா இருந்தாலும் சரி. அலாரத்தையும் எதுக்காகவும் கழட்டக்கூடாது. ஞாபகம் வச்சுக்கோ."

"அவங்ககிட்ட கண்டிப்பா சொல்லிடறேன் அண்ணா."

"அவங்களா? யாரு?"

"கௌஷிக்கோட ஆபீஸ் பசங்க. மகேஷ், சந்தீப் எல்லாரும். வண்டி அவங்களோடது. கிளம்பறோம்னு சொல்லிட்டுப் போக வீட்டுக்கு வந்தாங்க. ஹீட்டர் அணைஞ்சு அணைஞ்சு போகுதுன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க. என்னால சிரிக்க முடியல."

டீ கொண்டுவந்த அக்‌ஷயா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"அப்ப... நீ போகலையா?"

"அந்தப் பனியை இனிமே படத்துலகூட என்னால பார்க்க முடியாது அண்ணா."

வீரராகவன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்தப் பசங்களே இங்க வந்திருக்கலாமே?"

"உங்ககிட்ட வந்தா என் மனசு நோகும்னு பயந்துதான் வேற ஆள்கிட்ட போயிருக்காங்க" என்றாள் சுப்ரியா. "உயிரை நம்பி ஒப்படைக்க எனக்குத் தெரிஞ்சு நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்கன்னு அவங்ககிட்ட சொல்லிட்டு, நானே சாவியை வாங்கிட்டு வந்தேன்."