இடுப்புப் பட்டை

கடையின் வெள்ளை வெளிச்சத்தில் தங்கை கைகளைத் தூக்கியபடி நிற்கிறாள். நான் மண்டியிட்டு மலையேற்றப் பையின் பட்டையை அவள் இடுப்பில் இறுக்குகிறேன். முதுகுப் பக்கம் உள்ளே கம்பிச் சட்டம் வைத்த பை. பாரம் தோளில் தொங்காமல் இடுப்பில் உட்கார வேண்டும். பார்த்துச் சொல்ல நான் வந்தே ஆக வேண்டுமென்று காலையிலிருந்து நச்சரித்து இழுத்து வந்திருக்கிறாள். விற்பனைப் பெண் பாரம் பார்ப்பதற்கான சின்ன மணல் மூட்டைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் இறக்குகிறாள். என் விரலுக்கடியில் பட்டை முனகுகிறது. "அஞ்சு நாள் நடைன்னா டென்ட்டும் இதுலயேவா வைப்பீங்க?" என்று அந்தப் பெண் கேட்கிறாள். எந்த மலைக்குப் போனாலும் நாங்கள் இருவரும் படுக்கிற கூடாரம் என் பையில், அடுப்பு அவள் பையில். "இதுலயேதான்," என்கிறாள் தங்கை. "ஒரு ஆள் டென்ட்டுதான், எடம் அடைக்காது." என் விரல்கள் கொக்கியிலேயே நின்றுவிடுகின்றன. அவள் குனிந்து பார்க்கவில்லை. "சரியா உக்காந்திருக்காக்கா?" "உக்காந்திருக்கு. நடந்து பாரு." கண்ணாடியை நோக்கி நடக்கிறாள். பின்னாலிருந்து அவள் தலைகூடத் தெரியவில்லை. ஒரு பையும் இரண்டு கால்களும் போகின்றன. பை எங்கும் ஆடவில்லை, ஒரு பக்கமும் சாயவில்லை. நான் கட்டிவிட்டதாயிற்றே.