துரை கொடுத்த குதிரை

“இந்தச் சோலையோட தாத்தாதான் எங்க குதிரைக்குப் புல்லு அறுத்துப் போட்டவரு.”

வீட்டுக்கு யார் வந்தாலும் முத்துப்பாண்டி இதைச் சொல்லாமல் விடமாட்டார். பக்கத்து வீட்டுச் சோலையும் தலையைக் குனிந்துகொள்வார்.

இன்று வந்திருந்தவர் புதுச் சம்பந்தி நல்லகாமன். பழைய சாமான்கள் சேகரிப்பவர்.

“வெள்ளைக்காரத் துரை எங்க தாத்தாவுக்குக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு, குதிரைதான் சம்பந்தி. ஒருநாளும் கொள்ளு கேட்டதில்லைன்னு சொல்லிச் சிரிப்பாராம். அம்புட்டுத் தங்கமான குதிரை.”

நல்லகாமன் மேசையிலிருந்த இரும்பு பேப்பர் கிளிப்பை எடுத்துப் புரட்டினார்.

“இது ஏது?”

“தாத்தா மேசையில இருந்தது. அடியில துரை பேரு வெட்டியிருக்கும்.”

“கழிச்சுப்போட்ட துப்பாக்கியப் பிரிச்சு, இப்பிடி மேசைச் சாமானாச் செஞ்சு பரிசாக் குடுப்பாங்க. தாளை அழுத்துது பாருங்க, இதுதான் துப்பாக்கியில மருந்தைத் தட்டி வெடிக்க வைக்கிற பாகம்.”

“அதுக்குப் பேரு என்னங்க?” என்றார் சோலை.

“குதிரை.”

முத்துப்பாண்டியின் முகம் சுண்டிப்போனது. கிளிப்பை வாங்கி எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

சோலை காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்ப எங்க தாத்தா அறுத்த புல்லை யாருண்ணே தின்னது?”